இரண்டாம் வெட்டு

ஆறாம் சீசன், ஒன்பதாம் எபிசோடு,
நாற்பத்தோராம் நிமிடம்.
இடது ஓரத்தில் சேற்றில் முகம் புதைத்துக் கிடப்பவன்
நான்.

பெதெஸ்தாவுக்கு மேலே, கைவிட்ட ஸ்லேட் குவாரியில்
பதினோரு இரவு செத்தேன்.
இரவுக்கு ஐந்தாறு தடவை.
கோடரி ரப்பர். வேல்ஸ் மழை மட்டும் அசல்.
மூச்சு விடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள்:
குளிரில் வாயிலிருந்து புகை போனால்
பிணம் கெட்டுவிடுமாம்.
தினக்கூலி, ஆட்டுக்கறி சூப்பு,
அப்புறம் ஒரு வாரம்
காதுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்த கறுப்பு வண்டல்.
என் பூட்ஸின் மேல் கையைப் போட்டபடி
பக்கத்தில் செத்துக்கிடந்தவன் இத்வால்.
டைரக்டர் நகர்ந்ததும் வெல்ஷில் அவன் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

எலுனெட்டுக்கு இதெல்லாம் பொருட்டில்லை.
அவள் கோபம் அரசியின் மேல்.
ஐந்து சீசன், தம்பியைத் தேடிப் பனிமலை கடந்தவள்
அவனைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து இறக்கும்போது
தாண்டிப் போய்க்
குதிரை தயாரா என்று கேட்பாளா?
கேட்டாள்.
எழுதியவன் எவனுக்கும் கூடப்பிறந்தவர் இல்லை போலும்.

பகலில் பாங்கரில் பல்செட்டு அராவுகிற என் மனைவி
இரவில் எட்டு சீசனையும் லேப்டாப்பில் கவிழ்த்து
சுண்டக் காய்ச்ச ஆரம்பித்தாள்.
அறுபத்தெட்டு மணி நேரம்
பத்தொன்பதாக வற்றியது.
பேசும் ஓநாய் போயிற்று. சூனியக்காரியின் கல்யாணம் போயிற்று.
இரண்டாம் சீசன் விருந்தில்
வறுத்த வாத்தை அரசி பார்த்த நான்கு விநாடிப் பார்வையை
(அடுப்புப் புகையில் கண் கலங்கியிருந்தது)
உரித்தெடுத்து வந்து
கட்டை வண்டிக்கு எதிரே ஒட்டினாள்.
ஒட்டியது தெரியாமலிருக்க
எங்கள் சமையலறை ஜன்னல் மழையைப்
பதிவுசெய்து மேலே ஊற்றினாள்.
பின்னால் நின்ற மெழுகுவத்தி மட்டும் ஒத்துழைக்கவில்லை.
எரிய எரிய வளர்ந்தது.
போகட்டும், என்றாள்.
அந்த நேரத்தில் மெழுகுவத்தியை யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச்சில் ஒரு ராத்திரி, திரும்பாமலே சொன்னாள்:
கெதின், போரை எடுத்துவிட்டேன்.
முழுசாகவா?
முழுசாக. கதைக்கு அது வேண்டாம்.
முதலில் கோடரியால் வெட்டுப்பட்டவன்
இப்போது உன்னால், என்று சிரித்தேன்.
செத்த காட்சி போனால்
நான் உயிரோடு இருக்கிறேன் என்றுதானே அர்த்தம்.
அந்த ராஜ்ஜியத்தில் எங்கோ, சட்டத்துக்கு வெளியே,
ஆடு மேய்த்துக்கொண்டு.

ஆனால் இத்வால்?
பிப்ரவரியில் லான்பெரிஸ் பெட்ரோல் பங்கில்
கையில் சில்லறையோடு விழுந்தவன்.
படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவன்.
அசைகிற இத்வால் உலகத்தில்
அந்த நாற்பத்தோராம் நிமிடத்தில் மட்டும்தான் இருந்தான்.
அங்கேயும் அசையாமல்.

வேண்டாததை எல்லாம் வைத்ததால்தான்
இந்தத் தொடரே நாசமாயிற்று, என்றாள்.
சரிதான் என்றேன்.
படுக்கப் போனேன்.

மூன்று மணிக்கு எழுப்பினாள்.
போரை மறுபடி திறந்திருந்தாள்.
என்னைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியாயிற்று;
பூட்ஸ் மட்டும் மிச்சம்,
அதன் மேல் ஒரு கை, கைக்கு அப்பால் இத்வால்.
ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினாள்.
இதைப் பார், என்றாள்.
அவன் வாயோரம் வெள்ளையாக ஏதோ
எழுந்தது, பரவியது, மழையில் கரைந்தது.
பதினேழு பிரேம்.
எந்தக் கழுகுக்கண்ணுக்கும் சிக்காமல்
உலகமெல்லாம் ஒளிபரப்பான
ஒரு பிணத்தின் மூச்சு.

அழித்துவிடலாம், இரண்டு நிமிஷ வேலை, என்றாள்.
அழிக்கவில்லை.
அரசியின் பார்வைக்கு நேர் எதிரே அதை வைத்தாள்.
இப்போது அரசி
இத்வாலைப் பார்த்துக் கண் கலங்குகிறாள்.
தம்பி அடுத்த ஷாட்டில்தான் வருகிறான்.
காத்திருக்கட்டும்.

இன்னொரு தடவை ஓட்டு, என்றேன்.
ஓட்டினாள்.
ஏழரைக்கு அவள் பாங்கர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்;
யாருடையதோ மேல்வரிசைப் பல்
மேஜைமேல் ஒரு டப்பாவில் இருந்தது.